பால் பல்லில் அடைத்த சிமெண்ட் எத்தனை நாள் நிற்கும்?

கேள்வி இதுதான். மகளுக்கு நாலரை வயது. கீழ்வரிசையில் கடைசியாக இருக்கும் பால் பல்லில், அதற்கு முந்தைய பல்லோடு ஒட்டியிருக்கும் இடுக்கில் சொத்தை. போன வருடம் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். எட்டு மாதத்துக்குள் ஒரு பக்கம் உடைந்து விழுந்துவிட்டது. இப்போது டாக்டர் பல் முழுவதையும் மூடுகிற ஸ்டீல் கேப் போடச் சொல்கிறார். வீட்டில் பெரியவர்கள், "விழுந்து முளைக்கப்போற பல்லுக்கு எதுக்குக் கேப்பு?" என்கிறார்கள். அதிக நாள் நிற்கிற சிமெண்ட் ஏதாவது இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாமா?

நான் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இருப்பவன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்த இடத்தில் வந்த சொத்தைக்கு எந்த சிமெண்டும் கேப் அளவுக்கு நிற்காது. உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல முடியும்.

எந்தப் பொருள் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் வாயில் இருக்கவேண்டும் என்று பாருங்கள். ஆறு, ஏழு வயதில் விழுபவை முன்பற்கள். கடைவாயில் இருக்கும் இரண்டு பால் பற்களில் முதலாவது விழ 9 முதல் 11 வயது ஆகும். இரண்டாவது, அதாவது உங்கள் மகளுக்குச் சொத்தை வந்திருக்கும் பல், விழ 10 முதல் 12 வயது ஆகும். அந்தப் பல்லுக்கு இன்னும் ஆறேழு வருட வேலை பாக்கி இருக்கிறது. இதே சொத்தை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்திருந்தால், இரண்டு வருடம் தாங்கினால் போதும் என்று நானே சிமெண்ட் வைத்து அனுப்பிவிடுவேன். ஒரே குழி, ஒரே பொருள் என்றாலும் பிள்ளையின் வயதைப் பொறுத்து பதில் மாறிவிடும்.

அந்த இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆறு வயதில் அதற்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கும். அது பால் பல்லின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டுதான் தன் இடத்துக்கு வரும். பால் பல்லை அதற்குள் பிடுங்கிவிட்டால், பின்னால் வரும் பல் முன்னோக்கி நகர்ந்துவிடும். பிறகு அங்கே முளைக்கவேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. எத்துப்பல், கோணல் பல் என்று பின்னால் கம்பி கட்ட வரும் பிள்ளைகளில் பலருக்குக் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு வயதுப் பல் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும். அதனால் நிறையப் பேர் அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் திரும்ப முளைக்காது.

சரி, சிமெண்ட் ஏன் விழுகிறது? பால் பல்லின் எனாமல் சுமார் 1 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்கும் அருகில் இருக்கிறது. ஆழமாக வெட்டி அகலமாக அடைக்க இடமே இல்லை. இதோடு, பால் பற்களின் கடைவாய் இடுக்கு பட்டையாக, அகலமாக ஒட்டியிருக்கும். பிரஷ் அங்கே போகாது. மேலிருந்து பார்த்தால் பல் நன்றாகவே தெரியும். உள்ளே சொத்தை பரவியிருக்கும். சின்ன எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

குழி பல்லின் மேல்பக்கத்தில் மட்டும் இருந்தால் நாலு புறமும் பல்லின் சுவர் அப்படியே இருக்கும். அடைத்தது உள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். இடுக்கில் சொத்தை என்றால், அடுத்த பல்லைப் பார்த்த சுவரே போய்விட்டது என்று அர்த்தம். மேல்பக்கத்தையும் இடுக்குப் பக்கத்தையும் சேர்த்து அடைக்கவேண்டும். அவை இரண்டும் சந்திக்கும் இடம் குறுகலானது. மெல்லும்போது வரும் பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். நீங்கள் சொல்லும் "ஒரு பக்கம் உடைந்தது" பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஆராய்ச்சிகளில் தெளிவாகத் தெரிகிறது. 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃப்ரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர், மெஷின் இல்லாமல் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அது பழக்கத்தில் இருக்கிறது. அப்படிச் செய்த அடைப்புகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பால் பல்லில் ஒரு பக்கம் மட்டும் அடைத்தவற்றில் இரண்டு வருடம் கழித்தும் சுமார் 94 சதவீதம் நன்றாக இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களைச் சேர்த்து அடைத்தவற்றில் சுமார் 65 சதவீதம்தான். இரண்டே வருடத்தில் மூன்றில் ஒன்று போய்விட்டது. உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது ஆறு வருடம்.

உங்கள் மகளுக்கு வைத்த வெள்ளை சிமெண்ட் பெரும்பாலும் இந்தக் கிளாஸ் அயனோமராகத்தான் இருக்கும். ஜி.ஐ.சி. என்று பில்லில் எழுதியிருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு அரசு ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கியது. ஒரு கண்ணாடித் தூளும் ஒரு அமிலத் திரவமும் கலந்தால் இறுகும். பசை எதுவும் தடவாமலே பல்லோடு வேதிமுறையில் ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வாயில் லேசான ஈரம் இருந்தாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடலாம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. நல்ல பொருள்தான். ஆனால் வளைவையும் இழுப்பையும் தாங்காது, சீக்கிரம் தேயும்.

அது எத்தனை நாள் நிற்கும் என்பதில் கலக்கும் கைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. தூளும் திரவமும் குறிப்பிட்ட அளவில் சேரவேண்டும். நன்றாகக் கலந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். கலப்பது சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டுத் திரவம் கூட விட்டால் நீர்த்துப்போகும். குழிக்குள் வழிந்து போய் நன்றாக நிரம்பியது போலத் தெரியும், ஆனால் பலம் பாதிக்கப்பட்டுவிடும். கலந்த பிறகு மேலே ஒரு பளபளப்பு இருக்கும். அது இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். பளபளப்பு மங்கிய பிறகு வைத்தால் பல்லோடு ஒட்டாது. பிள்ளை அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டு அழுதால் அந்த சில நொடிகள் போய்விடும். வைத்த பிறகு மேலே வார்னிஷோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவி, ஒரு மணி நேரமாவது மெல்லாமல் இருக்கவேண்டும். கடைவாய்க்கென்றே தூள் அதிகமாகச் சேர்த்த கெட்டியான வகை ஒன்று இருக்கிறது. பழைய வகையைவிட அது நன்றாகத் தாங்கும். நீங்கள் டாக்டரிடம் "எந்த வகை ஜி.ஐ.சி.?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பிசின் கலந்து, நீல விளக்கு அடித்து இறுக்கும் ஜி.ஐ.சி. வகையும் இருக்கிறது. இரண்டு பக்க அடைப்புக்கு சாதாரண ஜி.ஐ.சி.யைவிட அது மேல். உடைந்த இடத்தில் மறுபடி சிமெண்டே வைப்பது என்று முடிவானால் அதைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளித்தூள் கலந்த ஜி.ஐ.சி. பலமாக இருக்கும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். இரண்டு பக்க அடைப்பில் அது ரொம்பவே ஏமாற்றிவிட்டது. இன்று யாராவது அதைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காம்போசிட் என்ற பிசின் அடைப்பு பல் நிறத்திலேயே இருக்கும், பார்க்க அழகு. சரியான நிலையில் வைத்தால் பால் பல்லிலும் நன்றாகவே நிற்கும். அந்தச் சரியான நிலைதான் சிக்கல். பல்லை அமிலத்தால் பதப்படுத்தி, கழுவி, உலர்த்தி, பசை தடவி, விளக்கு அடித்து, 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கவேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு போச்சு. இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்கிய இடத்தில் நூலிழை இடைவெளி விழும். அங்கே மறுபடி சொத்தை நுழையும். ரப்பர் டேம் என்று ஒரு மெல்லிய ரப்பர் ஷீட்டைப் பல்லைச் சுற்றி மாட்டி எச்சிலைத் தடுத்துச் செய்தால் ஆயுள் கூடுகிறது. நாலரை வயதுப் பிள்ளை அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வாய் திறந்து படுத்திருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். படுத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஏழெட்டு வயதில் நிறையப் பேர் ஒத்துழைப்பார்கள். அப்போது காம்போசிட்டை நான் தயங்காமல் செய்வேன்.

அமால்கம், அந்தக் காலத்து வெள்ளி அடைப்பு, நன்றாகவே நின்றது. டென்மார்க்கில் குழந்தைகளுக்கான அரசு பல் மருத்துவ சேவையில் எட்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பால் பல்லில் வைத்த பழைய வகை ஜி.ஐ.சி.யின் தோல்வி அமால்கத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் அமால்கத்தில் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018இல் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலேயே 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதை நிறுத்தியது; 2025 தொடக்கத்தில், மருத்துவ ரீதியாகத் தவிர்க்க முடியாத சமயம் தவிர, எல்லோருக்கும் நிறுத்திவிட்டது. ஆகவே அதைப் பற்றி இனி யோசிக்கவேண்டாம். ஏற்கெனவே வாயில் இருக்கும் அமால்கம் நன்றாக இருந்தால் பயந்துபோய்த் தோண்டி எடுக்கவும் வேண்டாம்.

இப்போது கேப்புக்கு வருவோம். பால் பல்லுக்கு ஸ்டீல் கேப் போடுவது 1950இலிருந்து இருக்கிறது. பழைய முறையில் ஊசி போட்டு, சொத்தையை எடுத்து, பல்லைச் சுற்றி ராவி, பிறகு மாட்டவேண்டும். இன்றும் சில பற்களுக்கு அதுதான் தேவை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் வேறு விதமாகச் செய்துவந்தார். ஊசி இல்லை, மெஷின் இல்லை. சொத்தையை எடுக்காமலே அதன் மேல் கேப்பை மாட்டி மூடிவிடுவார். கேட்டதும் பலர் அதிர்ச்சி அடைவார்கள், "சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கு நாம் சாப்பிடும் சர்க்கரைதான் தீனி. காற்றுப் புகாமல் மூடிவிட்டால் தீனி நின்றுவிடும், சொத்தை முன்னேறாது. பல்லும் தன் பங்குக்கு உள்ளிருந்து நரம்பைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த ஹால் முறையை முறையாகச் சோதித்தார்கள். 132 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லில் ஹால் முறையில் கேப், இன்னொரு பல்லில் அந்தந்த டாக்டர் வழக்கமாக வைக்கும் ஃபில்லிங். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, வலி, சீழ், பல்லையே எடுக்கவேண்டிய நிலை போன்ற பெரிய தோல்வி ஃபில்லிங் வைத்த பற்களில் 16.5 சதவீதம், கேப் போட்ட பற்களில் 3 சதவீதம். உடைந்தது, விழுந்தது, பக்கத்தில் மறுபடி சொத்தை என்பது போன்ற சிறிய தோல்வி ஃபில்லிங்கில் 42 சதவீதம். கேப்பில் 5 சதவீதம். இதைச் செய்தவர்கள் பல்கலைக்கழக நிபுணர்கள் இல்லை. ஊர்ப்பக்கத்து கிளினிக்குகளில் உட்கார்ந்து எல்லோருக்கும் பல் பார்க்கும் சாதாரண டாக்டர்கள். அதனால்தான் அந்த எண்களை நான் நம்புகிறேன். பெரிய நிபுணர் ஒருவர் கையில் மட்டும் நிற்கிற சிகிச்சை நம் பிள்ளைகளுக்கு எந்த மூலையில் கிடைக்கும்?

போடும்போது என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். பற்கள் இறுக்கமாக ஒட்டியிருந்தால், மூன்று நாலு நாள் முன்னால் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்து அனுப்புவார்கள். அது கொஞ்சம் இடம் பண்ணிக்கொடுக்கும். வரும் நாளில் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, அளவு பார்ப்பார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு அளவில் கேப் வரும். தவறி விழுங்கிவிடக் கூடாது என்று தொண்டைப் பக்கம் துணி வைப்பார்கள். சரியான அளவு கிடைத்ததும் கேப்புக்குள் ஜி.ஐ.சி. சிமெண்டை நிரப்பி, பல்லின் மேல் வைத்து விரலால் அழுத்துவார்கள். பிறகு, "ஆங், நல்லா கடி பாப்பா, இன்னும் கடி" என்று பிள்ளையையே கடிக்கவைப்பார்கள். அந்தக் கடியில்தான் கேப் கீழே இறங்கும். ஈறு ஒரு கணம் வெளுத்துப்போகும். சில நிமிடத்தில் சரியாகும். வெளியே வழிந்த சிமெண்டை நூலால் துடைத்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கு வாய் மூடினால் மற்ற பற்கள் சேராது, கேப் போட்ட பல் மட்டும் தூக்கலாக இடிக்கும். நிறையத் தாய்மார்கள் அன்று ராத்திரியே போன் பண்ணுவார்கள். சில வாரத்தில் தானாகவே சமமாகிவிடும். ஓரிரண்டு நாள் லேசான வலி இருக்கலாம்; வயதுக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

எல்லாப் பல்லுக்கும் இந்த முறை சரிப்படாது. ராத்திரி வலியால் பிள்ளை எழுந்து அழுகிறது, ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது, பல் ஆடுகிறது, எக்ஸ்ரேயில் வேர்களுக்கு நடுவே எலும்பு கரைந்து தெரிகிறது என்றால் சொத்தை நரம்புக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட பல்லை மூடிவைத்தால் ஆபத்து. நரம்புச் சிகிச்சை செய்து அதன் மேல் கேப் போடவேண்டும், அல்லது எடுத்துவிட்டு இடம் மூடாமலிருக்கக் கம்பி வளையம் வைக்கவேண்டும். ஸ்டீலில் நிக்கல் இருப்பதால், நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் ஆகாது. கவரிங் நகை, பேண்ட் பட்டன் பட்ட இடத்தில் தடிப்பு வந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

பளபளவென்று தெரியுமே என்ற கவலை உண்மையானது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பெண்பிள்ளை என்றால் உறவில் யாராவது ஏதாவது சொல்வார்கள். கீழ்க்கடைவாயில் வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தால் தெரியத்தான் செய்யும். வெள்ளை நிறத்தில் ஜிர்கோனியா கேப் இருக்கிறது. அதற்குப் பல்லை நிறைய ராவவேண்டும், ஊசி வேண்டும், ஈறில் ரத்தம் கசிந்தால் சரியாக ஒட்டாது, செலவும் பல மடங்கு. முன்பல்லுக்கு நான் அதைச் சொல்வேன். கடைவாய்க்கு ஸ்டீலே போதும். பிள்ளைகளுக்கு அது அவ்வளவு கஷ்டமாகத் தெரிவதில்லை. வெள்ளிப் பல் என்று வகுப்பில் காட்டிக்கொள்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பின்னால் நிரந்தரப் பல் முளைக்கும்போது வேர் கரைந்து, பால் பல் கேப்போடு சேர்ந்தே விழுந்துவிடும். தனியாகக் கழற்றவேண்டியதில்லை.

பிள்ளை நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றால் சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற 38 சதவீதத் திரவத்தைச் சொத்தையில் தொட்டுவைக்கலாம். ஜப்பானில் 1970 வாக்கிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. சொத்தை கறுத்து, இறுகி, பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் கறுப்பு போகாது, குழியும் அப்படியே இருக்கும். அவகாசம் வாங்கிக்கொள்ள நல்ல வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வைத்து, பிள்ளை பெரிதானதும் மற்றதைச் செய்யலாம்.

பொருளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். பிரிட்டனில் 3 முதல் 7 வயது வரை 1,144 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2020இல் முடிவு வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான ஃபில்லிங், ஒரு குழுவுக்கு சொத்தையை மூடிவைக்கும் முறை, ஒரு குழுவுக்குத் தடுப்பு ஆலோசனை மட்டும். சுமார் மூன்று வருடத்தில் எந்தக் குழுவிலும் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறையாமல் வலியோ சீழோ வந்தது. குழுக்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பல்லுக்கு நல்ல கேப் போட்டுவிட்டு அடுத்த பல்லுக்குச் சொத்தை வரும் வழியைத் திறந்தே வைத்திருந்தால் பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும். அடைப்புகள் தோற்பதற்குப் பெரிய காரணமே, அடைத்த இடத்தின் ஓரத்தில் மறுபடி சொத்தை வருவதுதான். ராத்திரி தூங்கப்போகும் முன் சர்க்கரை போட்ட பால், சத்து பானம் குடித்துவிட்டு அப்படியே படுப்பது, பல்லில் ஒட்டும் பிஸ்கட்டை நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பது இரண்டையும் நிறுத்துங்கள். 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுத்து, காலையும் ராத்திரியும் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகத் தேய்ப்பது போதாது. துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கவேண்டாம்.

அப்புறம், உங்கள் மகளுக்கு இப்போது செய்யவேண்டியது. முதலில் அந்தப் பல்லுக்கும் எதிர்ப்பக்கத்துப் பல்லுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்; ஒரு பக்கம் இடுக்கில் சொத்தை இருந்தால் மறுபக்கமும் இருப்பது ரொம்ப சகஜம். நரம்பு நன்றாக இருக்கிறது, வலியும் கொப்புளமும் இல்லை என்றால் ஹால் முறையில் கேப் போடமுடியுமா என்று கேளுங்கள். அந்த முறை பழக்கமில்லை என்று சொன்னால் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் பிரிவு இருக்கும், அங்கே போய்ப் பார்க்கலாம். செலவும் குறைவாக இருக்கும். ஒரு முறை கேப்புக்கு ஆகும் பணம், சிமெண்ட் உடைந்து உடைந்து கடைசியில் நரம்புச் சிகிச்சைக்குப் போனால் ஆகும் பணத்தைவிடக் குறைவுதான். அதைவிட, பிள்ளை எத்தனை முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழவேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒட்டியிருக்கும் பல்லின் பக்கத்தையும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடுக்கில் இரண்டு பல்லும் சேர்ந்தேதான் சொத்தையாகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். இடையில் கன்னம் வீங்கினாலோ, பல்வலியோடு காய்ச்சல் வந்தாலோ அப்பாயிண்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.